பள்ளிக்கூடம் சொல்லத்தான் செய்தது, அந்தப் போன் திருப்பூரில் இருந்தது

2025 மே 16, வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது மணிக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட். நான் தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு, குளித்து, சாமிக்கு விளக்கேற்றி, மகனோடு கடைத்தெருவில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போய் நின்றேன். எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பிள்ளைகள். ஒவ்வொன்றாகப் பார்த்து, கத்தி, அழுது, சிரித்து வெளியே வந்தன. எங்கள் முறை வந்தது. பதிவெண்ணை மகன் சொன்னான், பிறந்த தேதியை நான் சொன்னேன். 07/11/2009. அந்தத் தம்பி தட்டினார். வரவில்லை. மறுபடி தட்டினார். விவரம் தவறு என்று காட்டியது. மூன்றாவது முறையும் அதேதான்.

அந்த ரெண்டு நிமிஷத்தில் எனக்கு என்னென்னவோ ஓடியது. பையன் ஏதோ ஒரு பரீட்சைக்குப் போகவே இல்லையோ, பேப்பரைத் தொலைத்துவிட்டார்களோ, ஃபெயில் ஆனால் இப்படித்தான் காட்டுமோ என்று. அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது. பின்னால் நின்ற பொம்பளை வேறு, "ஃபெயிலா இருந்தாலும் மார்க்கு காட்டுமே" என்று மெதுவாகச் சொன்னாள். கடைத் தம்பிதான் "அக்கா, ஹால் டிக்கெட் இருக்கா?" என்று கேட்டார். மகன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அதைப் பார்த்துத் தட்டினார், உடனே திறந்தது. 500க்கு 371. பாஸ். சந்தோஷப்பட வேண்டிய அந்த நேரத்தில் நான் திரையையே முறைத்துக்கொண்டு நின்றேன். பிறந்த தேதி என்ற இடத்தில் 11/07/2009 என்று இருந்தது. என் பையன் பிறந்தது நவம்பர் 7. ஜூலை 11 இல்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே ஐப்பசி மழை கொட்டியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இந்த ஒரு தேதியைச் சரி பண்ண எனக்கு ஜூன் தொடங்கி நவம்பர் வரை ஆனது. அலைச்சலில் போன கூலி, ஜெராக்ஸ், ஏமாந்து கொடுத்தது எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பணக்காரர்களுக்கு இது ஒன்றுமில்லை. ஜாக்கெட்டுக்கு நூற்றைம்பது ரூபாய் வாங்கித் தைக்கிறவளுக்கு அது ஒரு மாத வீட்டுச் செலவு. யாராவது ஒருத்தர் முன்னாலேயே சொல்லியிருந்தால் ஒரு பேனாவும் ஐந்து நிமிஷமும் போதுமாக இருந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளை இருந்தால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் ஊர் தேனி மாவட்டம், ஆண்டிபட்டிப் பக்கம். ஊரில் இருப்பது அரசு உயர்நிலைப்பள்ளி. ஆறு முதல் பத்து வரைதான். பதினொன்றுக்கு வேறு ஊர் மேல்நிலைப்பள்ளிக்குப் போக வேண்டும். என் வீட்டுக்காரர் திருப்பூரில் சாயப்பட்டறையில் இருக்கிறார், பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார். மகனை ஆறாம் வகுப்பில் சேர்த்தது 2020 ஆகஸ்டில், கொரோனா சமயத்தில். அந்த வருஷம் ஆகஸ்டு 17ஆம் தேதிதான் அரசுப் பள்ளிகளில் சேர்க்கையே தொடங்கியது. திருப்பூரில் வேலை இல்லாமல் அவர் வீட்டில் இருந்ததால் அவரே கூட்டிக்கொண்டு போனார். முகக்கவசம், வரிசை, ஆளுக்கு ஆள் தள்ளி நில்லு என்ற சத்தம். அந்தக் கூட்டத்தில் யாரோ கம்ப்யூட்டரில் ஏற்றும்போது நாளும் மாதமும் இடம் மாறிவிட்டன. பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டில் கையால் எழுதியது சரியாக 7.11.2009 என்றுதான் இருந்தது. எமிஸில் மட்டும் தப்பு. எமிஸ் என்றால் பிள்ளைகளின் விவரமெல்லாம் ஏற்றி வைக்கும் கல்வித்துறை இணையதளம். பத்தாம் வகுப்பில் தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் அதிலிருந்துதான் தயாராகிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. தொடர்பு எண் கேட்டார்கள், அவர் தன் நம்பரைக் கொடுத்தார். அப்போது வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன் அவருடையது. ரெண்டு மாசத்தில் அவர் அந்தப் போனோடு திருப்பூருக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் நாலு வருஷமாக எங்கள் பள்ளிக்கூடம் எங்களுக்குச் சொன்ன எல்லாச் செய்தியும் சாயப்பட்டறையில் ஒரு லாக்கருக்குள் போய் விழுந்துகொண்டிருந்தது. காலையில் உள்ளே போகும்போது போனை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு எடுத்தால் வகுப்புக் குழுவில் நூற்று இருபது மெசேஜ். அதில் நூறு குட்மார்னிங், பூ படம், பிறந்தநாள் வாழ்த்து, கும்பிட்ட கை. அவர் எதைத் திறப்பார்? எனக்கும் அவர் மேல் கோபம் வந்தது, ரெண்டு நாள் பேசாமல்கூட இருந்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்தவர் அதைப் பார்க்காமல் விட்டதில் என்ன தப்பு? நம்பரை மாற்றச் சொல்லி ஒருநாள்கூட நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. பள்ளி குறையாகச் சொல்லவில்லை என்றால் பையன் நன்றாகப் படிக்கிறான் என்று அர்த்தம் என நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரிசல்ட் வந்த அன்று ராத்திரி அவர் போனை நான் சொல்லச் சொல்ல மேலே தள்ளிப் பார்த்தார். ஜனவரி மாதம் வகுப்பாசிரியர் ஒரு படம் போட்டிருக்கிறார். அச்சடித்த பட்டியல், பிள்ளைகளின் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதியோடு. கீழே, பெற்றோர் நேரில் வந்து சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும், திருத்தம் இருந்தால் புதன்கிழமைக்குள் சொல்ல வேண்டும், அதற்குப் பின் மாற்ற முடியாது என்று ஒரு வாய்ஸ் மெசேஜும். ரெண்டு தடவை நினைவூட்டியும் இருக்கிறார். காலை வணக்கக் கூட்டத்திலும் சொன்னார்களாம். மகனைக் கேட்டேன். "சொன்னாங்கம்மா. மிஸ் பேப்பரைக் காட்டுனாங்க, நானும் பார்த்தேன். ஏழும் இருந்துச்சு, பதினொண்ணும் இருந்துச்சு. சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றான். அடிக்கவா முடியும்? பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ரெண்டு எண்ணும் இருக்கிறதே என்பது போதும். ஹால் டிக்கெட்டிலும் அதே தேதிதான். நான் அதில் பார்த்தது போட்டோவை மட்டும், "தலை சீவியிருக்கக் கூடாதாடா" என்று திட்டியதோடு சரி.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் பெயர்ப் பட்டியல் சரிபார்ப்பு என்ற வார்த்தை காதில் விழுந்தால், எத்தனை வேலை இருந்தாலும் நீங்களே போங்கள். பிள்ளையை அனுப்பாதீர்கள். போகும்போது பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் கையில் கொண்டு போங்கள், மனப்பாடமாகச் சொல்லாதீர்கள். பெயரைத் தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் எழுத்து எழுத்தாக ஒரு தடவை பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு 'லட்சுமி' என்பது ஆங்கிலத்தில் ஆதாரில் ஒரு மாதிரி, பட்டியலில் ஒரு மாதிரி இருந்தது, அவள் அம்மா போய்ப் பார்த்ததால் அங்கேயே திருத்திவிட்டார்கள். தலைப்பெழுத்து ஒன்றா ரெண்டா, முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா பாருங்கள். பிறந்த தேதியில் மாதத்தை எண்ணாகப் படிக்காமல் "நவம்பர்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அப்போதுதான் மாறியிருப்பது தெரியும். பார்த்து முடித்ததும் அந்தத் தாளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் இதைப் பத்தாவது வரை விட்டுவைக்கவே கூடாது. ஆறாம் வகுப்பில் சேர்த்த மாதமே எமிஸில் என்ன ஏறியிருக்கிறது என்று காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டுவார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.

பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயரே இல்லாமல் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பிறந்த ஒரு வருஷத்துக்குள் என்றால் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை, அதற்கப்புறம் தாமதக் கட்டணத்தோடு பதினைந்து வயது வரை சேர்க்கலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சரியாகப் பதினைந்து நடக்கும். அதே பதினைந்தில்தான் ஆதாரில் கைரேகையையும் கண்ணையும் புதுப்பிக்க வேண்டும், அது இலவசம். அதையும் பரீட்சை நெருக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். மறு திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். தலைமையாசிரியர் தங்கமான மனிதர். "பதிவேட்டுல சரியா இருக்கும்மா, அதனால திருத்திரலாம். ஆனா இனிமே நம்ம கையில இல்ல. விண்ணப்பம் போட்டு, மாவட்ட ஆபீஸ் வழியா சென்னைக்குப் போகணும். தாமதமாகும்" என்றார். அலுவலகம் திறந்ததும் ஜூனில் வரச் சொன்னார். அந்த இடைவெளியில்தான் நான் புத்தி கெட்டுப் போனேன். ஆன்லைன் வேலையெல்லாம் செய்து தருகிறேன் என்று ஒருவர் சொன்னார், பெயரும் கடையும் வேண்டாம். "மார்க் ஷீட்ட மாத்துறது பெரிய பாடு அக்கா. அதுக்குப் பதிலா ஆதார்ல தேதிய ஜூலைன்னு மாத்திருவோம், ரெண்டும் ஒண்ணாயிரும். ஆயிரத்து ஐந்நூறு குடுங்க, நானே பார்த்துக்கிறேன்" என்றார். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! கொடுத்துவிட்டேன்.

அவர் எங்களை ஆதார் மையத்துக்கு அனுப்பினார். அங்கே உட்கார்ந்திருந்த பெண், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, பிறப்புச் சான்றிதழைக் கேட்டாள். கொடுத்தேன். அதில் நவம்பர். ஆதாரிலும் நவம்பர். "எதுக்குக்கா சரியா இருக்கிறத மாத்துறீங்க? பிறந்த தேதிய ஆதார்ல ஒரு தடவைதான் மாத்த முடியும். தப்பா மாத்திட்டுத் திரும்ப வந்தா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. இதுக்கு ஆதாரமும் இல்லயே உங்ககிட்ட" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பணம் கொடுத்தவரிடம் திரும்பப் போனேன். விண்ணப்பம் தயார் செய்த செலவு, அலைந்த செலவு என்று கணக்குச் சொன்னார். ஒரு ரூபாய் திரும்பவில்லை. ஆதாரில் விவரம் திருத்த அப்போது அரசு வாங்கியது 50 ரூபாய், அது எனக்குப் பின்னால்தான் தெரியும். ஆயிரத்து ஐந்நூறு போனது போகட்டும், அந்தப் பெண் மட்டும் தடுக்காமல் இருந்திருந்தால் சரியாக இருந்த ஒரே காகிதத்தையும் நானே கெடுத்திருப்பேன். இதை மட்டும் நன்றாக மனதில் வையுங்கள்: தப்பாக இருக்கிற காகிதத்துக்காகச் சரியாக இருக்கிற காகிதத்தை ஒருநாளும் மாற்றாதீர்கள். எது முதலில் பிறந்ததோ அதன் பக்கம் நில்லுங்கள். பிறப்புச் சான்றிதழ்தான் அம்மா, மற்றதெல்லாம் பிள்ளைகள்.

ஜூனில் விண்ணப்பம் கொடுத்தேன். தலைமையாசிரியரின் கடிதம், சேர்க்கைப் பதிவேட்டின் நகலில் அவர் கையெழுத்து, பிறப்புச் சான்றிதழ் நகல், ஆதார் நகல், மதிப்பெண் சான்றிதழ் நகல். எங்களுக்குச் சொன்னது இவைதான், உங்கள் இடத்தில் கூடக் கேட்கலாம். தேனிக்குப் போய்க் கொடுக்க வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அது ஒரு புண்ணியம். ஆனால் நாள் போய்விடும். ஒரு நாள் மெஷின் ஓடவில்லை என்றால் ஐந்நூறு ரூபாய். ஒன்பது தடவை போனேன், நாலாயிரத்து ஐந்நூறு. ஒருமுறை சம்பந்தப்பட்டவர் லீவு. ஒருமுறை கூட்டம் நடக்கிறது, நாளைக்கு வாருங்கள். ஒருமுறை நான் கொடுத்த நகலில் முத்திரை சரியாக விழவில்லை, அதற்காகத் திரும்பி ஊருக்கு. யாரும் கேவலமாகப் பேசவில்லை, லஞ்சம் கேட்கவில்லை. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கும்போது, நம்முடைய தப்புக்காக நாமே வந்து நிற்கிறோம் என்ற கூச்சம் இருக்கிறதே, அது மனுஷியைத் தின்றுவிடும். பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லை. டீ குடித்தால் பத்து ரூபாய் என்று அதையும் குடிக்காமல் இருந்த நாட்கள் உண்டு.

நடுவில் ஒரு சோதனை. ஜூலையில் ஆசிரியர்களுக்குப் பொது மாறுதல் கலந்தாய்வு வந்தது. எங்கள் தலைமையாசிரியர் வேறு ஊருக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு என் மகன் யார் என்றே தெரியாது. மாவட்ட அலுவலகத்தில் இன்னொரு கடிதம் கேட்டபோது, அவர் பதிவேட்டைத் தேடி எடுத்து, ஒப்பிட்டு, சந்தேகம் தீர்ந்து கையெழுத்துப் போட ரெண்டு வாரம். அவரைக் குறை சொல்ல முடியாது, தெரியாத விஷயத்தில் யார் உடனே கையெழுத்துப் போடுவார்? உயர்நிலைப்பள்ளியில் பிள்ளைகளைப் படிக்கவைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பத்தாவது முடிந்ததும் நமக்கும் அந்தப் பள்ளிக்கும் இருக்கும் கயிறு அறுந்துவிடுகிறது. வகுப்புக் குழுவை மே மாதத்தோடு கலைத்துவிட்டார்கள். சான்றிதழ், திருத்தம், பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை, டிப்ளமோ என்று உண்மையில் செய்தி வேண்டிய நேரத்தில் சொல்ல ஆள் இல்லை. அதனால் ஏப்ரலில் கடைசிப் பரீட்சை முடியும் முன்பே வகுப்பாசிரியரின் எண்ணைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் எந்தக் காகிதம் கொடுத்தாலும் அதன் நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். நான் முதல் தடவை வாங்கவில்லை. கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டபோது எப்போது கொடுத்தீர்கள் என்றார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ரெண்டாவது தடவை வாங்கினேன், அதைக் காட்டியதும் ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிட்டார்கள்.

பணத்தைவிட அதிகமாக வலித்தது பாலிடெக்னிக். மகனுக்கு மெக்கானிக்கல் டிப்ளமோ சேர வேண்டும் என்று ஆசை. வீட்டு மிக்ஸியைப் பிரித்து மாட்டுவான், என் மெஷினுக்கு எண்ணெய் விடுவதுகூட அவன்தான். அரசுப் பாலிடெக்னிக்குக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் ஒருவர், "தேதி தப்பா இருக்கிற சர்டிபிகேட்ட வெச்சு அப்ளை பண்ணுனா கேன்சல் ஆயிரும், திருத்தி வந்தப்புறம் போடுங்க" என்றார். நானும் நம்பிக் காத்திருந்தேன். கடைசித் தேதி போய்விட்டது. பின்னால் அங்கே வேலை பார்க்கும் ஒருவரிடம் பேசியபோது, திருத்தத்துக்கு விண்ணப்பித்த கடிதத்தை இணைத்து விண்ணப்பித்திருக்கலாமே, வந்து விசாரித்திருக்கலாமே என்றார். யார் சொன்னது சரி என்று இன்றைக்கும் எனக்கு முழுசாகத் தெரியாது. ஆனால் விசாரிக்கவேண்டிய இடத்தில் விசாரிக்காமல், திண்ணையில் கேட்டதை வைத்து முடிவெடுத்தது நான். ஒரு காகிதம் திருத்தத்தில் இருக்கிறது என்பதற்காக அடுத்த விண்ணப்பத்தை நிறுத்தாதீர்கள். நிராகரித்தால் அவர்களே நிராகரிக்கட்டும், நாமே நம்மை நிராகரிக்க வேண்டாம். மகன் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தான். ஒன்றும் பேசவில்லை. அந்த மாதம் முழுக்க என் மெஷினுக்கு எண்ணெய் விடவில்லை.

இதெல்லாம் நடந்த பிறகுதான் பழசையெல்லாம் தோண்டத் தொடங்கினேன். வேறு என்னவெல்லாம் அந்த லாக்கருக்குள் போனது? எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்று ஒரு திறன் தேர்வு நடத்துகிறார்கள். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வுக் கட்டணம் 50 ரூபாய். தேர்ச்சி பெற்று இடம் கிடைத்தால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். நாலு வருஷத்துக்கு 48,000. என் மகன் எட்டாவது படித்தபோது 2023 பிப்ரவரியில் அந்தத் தேர்வு நடந்திருக்கிறது. குழுவில் செய்தி வந்திருக்கிறது. பையனைக் கேட்டால், "அம்பது ரூவா கேட்டாங்கம்மா, நீ அன்னிக்கு கரண்ட் பில் கட்டணும்னு சொல்லிட்டு இருந்த, அதான் கேக்கல" என்றான். எழுதியிருந்தால் நிச்சயம் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை, போட்டி அதிகம். எழுதவே இல்லை என்பதுதான் தாங்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு என்று ஒன்று உண்டு, அதுவும் இப்படித்தான் போயிருக்கிறது.

பணக் கணக்கில் வராத ஒன்றும் அந்தக் குழுவில் இருந்தது. 2024இல் பள்ளிகளில் கலைத் திருவிழா நடந்ததே, அதில் என் மகன் பறை அடித்திருக்கிறான். ஒன்றிய அளவில் மேடை ஏறியிருக்கிறான். படம் இருந்தது. வேட்டி கட்டி, தலையில் சிவப்புத் துண்டு. பெற்றோர் வரலாம் என்று ஆசிரியர் போட்டிருக்கிறார். நான் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தேன், யாரோ ஒருவரின் கல்யாண ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டு. "ஏன்டா சொல்லல?" என்றதற்கு, "அப்பாவுக்கு மெசேஜ் வந்திருக்குமே, உனக்குத் தெரியும், ஆனா வேலை இருக்குன்னு வரலைன்னு நெனச்சேன்" என்றான். அன்றைக்குத்தான் அழுதேன். தேதி தப்பானதற்கு அழவில்லை, ஏமாந்த ஆயிரத்து ஐந்நூறுக்கும் அழவில்லை.

இப்போது என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். என் மகள் அதே பள்ளியில் எட்டாம் வகுப்பு. முதல் வேலையாக எமிஸில் தொடர்பு எண்ணை என் எண்ணாக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். ஓ.டி.பி. வருவதும் அதற்குத்தான், தேர்வு முடிவு குறுஞ்செய்தியாக வருவதும் பள்ளியில் கொடுத்த எண்ணுக்குத்தான், அதனால் சிம்மை அடிக்கடி மாற்றும் பழக்கம் உள்ளவர்கள் மாற்றும் ஒவ்வொரு தடவையும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சொல்லியாக வேண்டும். ஒரு பழைய ஸ்மார்ட்போன் வாங்கினேன். வகுப்புக் குழுவில் வாழ்த்துகளைத் தள்ளிவிட்டு, படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ வந்ததை மட்டும் திறந்து பார்க்கிறேன். பள்ளிக்கூடம் முக்கியமாகச் சொல்வதெல்லாம் பெரும்பாலும் ஒரு தாளைப் படம் எடுத்துத்தான் வருகிறது என்பது நாலு வருஷ மெசேஜைப் படித்ததில் நான் கண்டுபிடித்தது. வாய்ஸ் மெசேஜை முழுசாகக் கேட்கிறேன், கடைசித் தேதியை ஆசிரியர்கள் கடைசியில்தான் சொல்கிறார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் போகிறேன். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம், தலைவரும் பெற்றோர்தான். எங்கள் பள்ளியில் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மத்தியானம் கூடுகிறோம். முதல் தடவை போனபோது கூச்சமாக இருந்தது, கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். கழிப்பறைக்குத் தண்ணீர், சத்துணவு, சுவர் ஓட்டை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து, அடுத்த மாதம் என்னென்ன தேதி வருகிறது என்று கேட்டேன். அரையாண்டுத் தேர்வு, திறன் தேர்வு விண்ணப்பம், பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல், திருப்புதல் தேர்வு, அறிவியல் செய்முறைத் தேர்வு எல்லாவற்றையும் அறிவியல் டீச்சர் சொல்லிக்கொண்டே வந்தார். அதில் செய்முறைக்கு 25 மார்க், எழுத்துக்கு 75, அந்த ஒரு நாள் காய்ச்சல் என்று வராமல் இருந்துவிடாதீர்கள் என்று அழுத்திச் சொன்னார். அங்கே இருந்த பத்துப் பேரில் பாதிப் பேருக்கு இது புதுச் செய்தி. இப்போது அந்தத் தேதிகளைச் சாக்பீஸால் எழுத வாசல் சுவரில் ஒரு கரும்பலகை வைக்கச் சம்மதித்திருக்கிறார்கள். போன் இல்லாத பாட்டிகள் பேரனைக் கூப்பிட வரும்போது அதன் முன்னால் நின்று யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள்.

திருத்திய மதிப்பெண் சான்றிதழ் நவம்பரில் வந்தது, மகனின் பதினாறாவது பிறந்தநாள் கழிந்து ரெண்டு வாரத்தில். 07/11/2009 என்று இருந்ததை மூன்று தடவை படித்தேன், மாதத்தை வாய்விட்டு. ஐந்து நகல் எடுத்து, அசலைச் சேலை வைக்கும் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். மகளுடைய திறன் தேர்வுக்கு வருமானச் சான்று இ-சேவையில் 60 ரூபாய் கட்டி வாங்கியாயிற்று, தேர்வுக் கட்டணம் ஐம்பது தனியாக முடிந்து வைத்திருக்கிறேன்.

போன வாரம் திருப்பூரில் இருந்து அவர் பேசினார். "நம்பர மாத்துனதுல இருந்து போன் அமைதியாத்தான் இருக்கு. ஆனா என்னமோ மாதிரி இருக்கு, ராத்திரி சாப்பிடும்போது சும்மா தள்ளித் தள்ளிப் பார்ப்பேன், பிள்ளைக பள்ளிக்கூடத்துப் படமா வரும்" என்றார். மிஸ்ஸிடம் சொல்லி அவர் எண்ணையும் குழுவில் திரும்பச் சேர்த்தாயிற்று. மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு முதல் ஆளாக ஒரு தாமரைப்பூவோடு குட்மார்னிங் போட்டிருந்தார்.